தொழில் கற்றுக்கொடுத்தவர் உங்கள் உடம்பின் மீது அக்கறை காட்டியதுண்டா?

உண்டு. ஸ்பூனில் சாப்பிட்டதால் மாட்டிக்கொண்டேன்.

பாம்பன் தெற்குவாடியில் ஒரு படகு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு 18 வயது. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயில். அவர் பரம்பரை ஓடாவி, அதாவது மரப்படகு கட்டும் தச்சர். ஏரா என்கிற அடிமரம் வைத்து, வங்கு என்கிற விலாச்சட்டம் ஏற்றி, பலகை அடித்து வல்லம் கட்டியவர். கண்ணாடி இழையில் ரெசின் என்கிற பிசினைப் பூசிக் கட்டும் பைபர் படகு வந்த பிறகு அவரும் ரெசின் வாளியைத் தூக்க வேண்டியதாயிற்று. “மரம் அறுத்தா வாசம், இது நாத்தம்” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

பைபர் வேலையில் கை பூராவும் ரெசின் பிசுபிசுக்கும். அசிட்டோனில் முக்கி எடுத்தால் நொடியில் போய்விடும். எல்லாரும் அப்படித்தான் கழுவுவார்கள், நானும் கழுவினேன். அது ரெசினோடு சேர்த்துத் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் உருவிவிடும் என்று தெரியாது. மூன்றாவது மாதம் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மீன்குழம்பில் கைவைத்தால் உயிர் போகும். அதனால் வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் கொண்டுபோனேன்.

இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள், “என்ன துரை, கரண்டியில சாப்பிடுறீக?” என்று கையைப் பிடித்துத் திருப்பினார். அப்புறம் விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. மறுநாள் காலையில் பஸ் ஏற்றி ராமநாதபுரத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். களிம்பு கொடுத்து, இரண்டு வாரம் ரெசினைத் தொடாதே என்றார் டாக்டர்.

அந்த இரண்டு வாரமும் என்னை ஒரு மரப்படகில் கலப்பத்து வேலைக்கு உட்காரவைத்தார். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளி வைத்துத் தட்டி இறுக்குவது. கூலியில் ஒரு பைசா குறைக்கவில்லை. அசிட்டோன் டப்பா அவருடைய பெட்டிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. கையில் ரெசின் பட்டால் இறுகுவதற்கு முன்பே தேங்காய் எண்ணெய் தேய்த்து, மரத்தூளில் பிரட்டி, சோப்புப் போட வேண்டும். பைபர் தூசி பட்ட உடம்புக்கு முதலில் பச்சைத் தண்ணீர்தான், தேய்க்கவும் கூடாது. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஊற்றும்போது கண்ணாடி போடாமல் நின்றால் அன்றைக்கு வேலை கிடையாது. ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.

எல்லாம் தெரிந்தவர் என்று சொல்லமாட்டேன். முகத்தில் துண்டு கட்டினால் போதும் என்று நம்பினார். துண்டு தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ரெசின் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கார்பன் வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். ஆனால் கச்சான் என்கிற மேற்குக் காற்று அடித்தால் படகுக்கு மேற்கே நில், காற்று முதுகில் படட்டும் என்பார். அது சரியான யோசனை.

கணக்கும் அங்கேதான் வந்தது. ரெசினுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று கேட்டலிஸ்ட் சேர்ப்போம். காலையில் சரியாக வருகிற அளவை மே மாத மதியத்தில் ஊற்றினால், பிரஷ்ஷை எடுப்பதற்குள் டப்பாவிலேயே இறுகிச் சூடேறிப் புகையும். “மூணே முக்கால் கிலோவுக்கு ஒண்ணரை சதவீதம், சொல்லு” என்பார். சொன்னால்தான் டீ. அடுத்த வருஷம் தனித்தேர்வராக எழுதச் சொல்லிப் பணமும் அவரே கட்டினார். 41 மார்க். அவ்வளவுதான், ஆனால் பாஸ்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையேறும், எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு படகுக்காரர் ராத்திரியும் பையனை நிறுத்துங்கள் என்று சண்டைக்கு வந்தார். “ஒருநாள் பிந்திப் போனா மீனு எங்கயும் ஓடிறாது. இவன் தூங்கட்டும்” என்றுவிட்டு, ராத்திரி மேஸ்திரியே உட்கார்ந்து முடித்தார்.

இப்போது நான் தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். மேஸ்திரியைப் பார்க்கப் போனால் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பதற்கு முன்னால் கையைத்தான் திருப்பிப் பார்க்கிறார். போன தடவை நகக்கண்ணில் ரெசின் ஒட்டியிருந்தது. என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பையன்களும் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே திட்டு விழுந்தது.