பம்ப் பாட்டிலுக்கு எந்த மிஷின்?

கேள்வி: திருவட்டாரில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து தேங்காய் எண்ணெயில் திரவ சோப்பு தயாரிக்கிறோம். 250, 500 மில்லி பம்ப் பாட்டில்கள், ஒரு நாளைக்கு 300 வரை போகும். கையால் திருகித் திருகி மணிக்கட்டு வலிக்கிறது. நாகர்கோவில் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சிலது கசிந்தும் விடுகிறது. தண்ணீர் பாட்டிலுக்கு மூடி போடும் பழைய தானியங்கி மிஷின் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தண்ணீர் பாட்டில் மூடியை மேலிருந்து கவ்வித் திருகிவிடலாம், ஆனால் உங்கள் பம்பில் ஒரு பக்கம் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே நீளமாக டியூப் தொங்குகிறது. மூக்கோடு சேர்த்துத் திருப்பினால் பம்பின் தலைதான் சுற்றுமே தவிர மூடி இறுகாது. பிடிக்க வேண்டியது கழுத்தைச் சுற்றியிருக்கும் வளையத்தை மட்டும்தான்.

உங்கள் அளவுக்குக் கையில் பிடித்து இயக்கும் மின்சாரத் திருகு மிஷினே போதும். காற்றில் ஓடும் வகையும் உண்டு, அதற்குக் கம்பிரசர் தனிச் செலவு. எதுவானாலும் கிளட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், நாம் வைத்த இறுக்கம் வந்ததும் அது தானாக விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மரை தேய்ந்து வளையம் வெடிக்கும். பம்ப் தலை உள்ளே புகுந்து நிற்கிற மாதிரி குழிவான சக் (மூடியைக் கவ்வித் திருப்பும் பகுதி) கேளுங்கள். பாட்டில் கூடவே சுற்றாமல் இருக்க அடியில் ஒரு தாங்கி வேண்டும், பெட் பாட்டிலைக் கையால் அழுத்திப் பிடித்தால் சோப்பு மேலே பொங்கிவிடும். டியூபைக் கையாலேயே உள்ளே விடுங்கள், அதற்கென்று இருக்கிற மிஷின் 300 பாட்டிலுக்குத் தேவையே இல்லை.

கசிவு வேறு கதை, மிஷின் வந்தாலும் நிற்காமல் போகலாம். பாட்டிலை ஓரிடத்திலும் பம்பை வேறிடத்திலும் வாங்குகிறீர்களா? 28/400, 28/410 என்பவை பாட்டில் கழுத்தின் அளவுக் குறியீடுகள், இரண்டுக்குமே கழுத்தின் வெளி விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர்தான், ஆனால் முன்னதில் மரை ஒரு சுற்று, பின்னதில் ஒன்றரைச் சுற்று. மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் வாஷர் சரியாக உட்காராது. அப்புறம், நிரப்பும்போது நுரை வழிந்து மரை நனைந்தால் மூடி வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகிவிடும், அதனால் நிரப்பும் குழாயைப் பாட்டிலின் அடிவரை இறக்கி மெல்ல மேலே தூக்கியபடி நிரப்புங்கள், வாயைத் துடைத்துவிட்டே மூடுங்கள்.

விலை பேசும் முன் நிரப்பிய பாட்டில்களையும் பம்புகளையும் விற்பவரிடமே எடுத்துப்போய் அந்த மிஷினில் மூடிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு ராத்திரி படுக்கப் போட்டுவிட்டு, காலையில் கழுத்து ஈரமில்லாமல் இருந்தால் முன்பணம் கொடுக்கலாம்.