சிமுலேட்டரில் மட்டும் பழகிய டாங்கி வீரர்கள் நிஜச் சண்டையில் தேறுவார்களா?

ஓரளவு தேறுவார்கள், எதைப் பழகினார்கள் என்பதைப் பொறுத்து. 1980களில் அமெரிக்காவின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா உருவாக்கிய, பல சிமுலேட்டர்களை ஒன்றாக இணைத்த 'சிம்நெட்' பயிற்சி அமைப்பைப் பாருங்கள். எம்1 டாங்கியின் உட்புறம் போன்ற பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர் என நாலு பேர். பார்வைத் துளைகளில் கணினி வரைந்த நிலப்பரப்பு. பெட்டி அசையாது. பயிற்சிக்குத் தேவையில்லாத சில சுவிட்சுகள் வெறும் படம்தான்! கஞ்சத்தனமாகத் தெரியும், என்னைக் கேட்டால் அதுதான் கெட்டிக்காரத்தனம். விலை குறைந்ததால் 200க்கும் மேற்பட்ட பெட்டிகளைச் செய்து, வெவ்வேறு ஊர்த் தளங்களை வலைப்பின்னலில் இணைக்க முடிந்தது.

ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது, அணி கலையாமல் நகர்வது, பதற்றத்தில் சொந்த டாங்கியையே சுட்டுவிடாமல் இருப்பது இதெல்லாம் அங்கே நன்றாகப் படியும். சேற்றில் புதைந்த டாங்கியை மீட்பது, கழன்ற சங்கிலியை மாட்டுவது? அதற்கு மைதானம்தான்.

அப்புறம், 1991 பிப்ரவரி 26 அன்று வளைகுடாப் போரின்போது இராக் பாலைவனத்தில் அமெரிக்க, இராக் டாங்கிகள் மோதிய '73 ஈஸ்டிங்' (வரைபடக் கோடு ஒன்றின் பெயர்) சண்டையை, வீரர்களின் பேட்டிகளையும் மணலில் பதிந்த தடங்களையும் வைத்து அப்படியே கணினியில் மறுபடி உருவாக்கினார்கள். 'வெப்பக் கேமரா இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று மாற்றிப் போட்டும் அதில் பார்க்க முடிந்தது.