சொட்டு மருந்து விட்டது யார்?

கேள்வி: பொறையாறு பக்கம் எங்கள் ஊர். நாலு தலைமுறையாக லுத்தரன் குடும்பம். நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காகத் திருச்சியில். அப்பா இறந்த பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், வயது 68. இரண்டு வருடமாக மயிலாடுதுறை பைபாஸில் ஒரு புதுச் சபைக்குப் போகிறார். நான் அனுப்பும் 25,000-ல் முதல் வேலையாக 2,500 தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, போய்விடுகிறது. மாதாமாதம் ‘பங்காளர்’ காணிக்கை தனி. இப்போது கட்டட நிதிக்காக இரண்டு பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துவிட்டார். விசாரித்ததில், டிரஸ்டில் பாஸ்டர், அவர் மனைவி, மைத்துனர் மூன்றே பேர்தானாம். ஆளை மயக்குவதில் கெட்டிக்காரர்கள். தஞ்சாவூரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது அந்தச் சபைப் பெண்கள் இரண்டு பேர்தான் கூட இருந்து, அப்புறம் வீட்டிலும் பத்து நாள் தங்கிச் சொட்டு மருந்து விட்டார்கள். இது சபையா, கம்பெனியா? பணம் அனுப்புவதை நிறுத்தட்டுமா? போலீஸில் புகார் கொடுக்கட்டுமா?

பதில்: கம்பெனிதான், தம்பி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டெல்டாவிலிருந்து இதே கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. வாசலில் கியூஆர் கோடு, பங்காளர்களுக்குப் பிறந்தநாளன்று பெயர் சொல்லி ஜெபம், இரண்டு வாரம் வராவிட்டால் ஆபீஸிலிருந்து போன். ஒரு வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகிற வரவு செலவு. தப்பு என்று நீங்கள் சொல்வது தப்புத்தான்.

ஆனால் அந்தச் சொட்டு மருந்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதை அவர்கள் செய்த தந்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவருக்கு மருந்து விடுவது என்றால் என்ன என்று தெரியுமா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தலையைச் சாய்த்துக் கீழ் இமையை மெல்ல இழுத்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இப்படி. தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து இதைப் பத்து நாள் செய்த பெண்களுக்கு, கடிதத்தில் ஒரு நன்றி கூட இல்லை.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்? திருச்சியிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணம். மருமகள் வரவில்லையே என்று நான் கேட்க மாட்டேன், பெற்ற பிள்ளை நீங்கள். துபாயிலிருந்து திருச்சிக்கு விமானம் இருக்கிறது. பிள்ளைகளின் லீவுக்கு வரத் தெரிந்த உங்களுக்கு ஆபரேஷன் தேதி தெரியுமா, இல்லை முடிந்த பிறகுதான் தெரியுமா? மாதம் 25,000 அனுப்பினால் மகன் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். அந்தப் பாஸ்டரும் இதே கணக்கைத்தான் போடுகிறார், பணம் வந்தால் பக்தி வந்தாயிற்று என்று.

நாலு தலைமுறை லுத்தரன் என்கிறீர்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-ல் வந்து இறங்கிய தரங்கம்பாடி உங்களுக்குப் பக்கத்து ஊர். அவர் பள்ளிக்கூடம் வைத்தார், அச்சகம் வைத்தார், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1718-ல் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் இன்றைக்கும் நிற்கிறது. இவ்வளவு பெரிய பரம்பரையிலிருந்து உங்கள் அம்மாவின் கட்டில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்ததாகக் கடிதத்தில் இல்லை. சொத்து வழக்குக்கும் சபைத் தேர்தலுக்கும் பழைய திருச்சபைகளில் ஆட்கள் குறைவதே இல்லை. ஒரு விதவையை எட்டிப் பார்க்க ஆள் இல்லை என்றால் அவர் பைபாஸுக்குத்தான் போவார்.

புகார் என்கிறீர்கள். அம்மா மனமுவந்து கொடுத்த காணிக்கைக்குப் போலீஸ் என்ன செய்யும்? பணத்தை நிறுத்தினால் உங்கள் மேல்தான் புகார் வரும். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது, அம்மா கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அவர் கொடுக்க மாட்டார், அந்தத் தைரியத்தில்தான் நிறுத்தட்டுமா என்று கேட்கிறீர்கள்.

ஒரு பைசா குறைக்காதீர்கள். லீவு போட்டுவிட்டு ஊருக்கு வாருங்கள். சங்கிலியை வட்டி கட்டி நீங்களே மீட்டு, ஒரு வார்த்தை குத்திக் காட்டாமல் அம்மா கழுத்தில் போடுங்கள். பழைய சபையில் அவருடைய சந்தா நின்றிருந்தால் அதையும் கட்டுங்கள். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் கேட்கும் நாளில் பல சபைகளில் முதலில் பார்ப்பது சந்தா நோட்டைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அந்தச் சபைக்கும் போங்கள். முதலில் அந்த இரண்டு பெண்களைக் கண்டுபிடித்துக் கும்பிடுங்கள். அப்புறம் பாஸ்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தசமபாகத்துக்கு பைபிளில் மல்கியா 3-ஐக் காட்டுவார். நீங்கள் உபாகமம் 14-ன் கடைசி வசனங்களைக் காட்டுங்கள்: மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தைச் சாப்பிட வேண்டியவர்களில் விதவையும் ஒருத்தி. அவளிடமே வாங்குவதற்கும் அவள் நகையை அடகுக்கு அனுப்புவதற்கும் எந்த வேதத்தில் இடம் இருக்கிறது என்று கேளுங்கள். கட்டட நிதிக்கு ரசீதும், ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கும் கேளுங்கள். தர மறுத்தால் அது அம்மா கண் முன்னாலேயே நடக்கட்டும், முடிவை அவர் எடுப்பார்.

பாஸ்டர் பதிலுக்கு 1 தீமோத்தேயு 5-ஐ எடுத்தால் தலைகுனிந்து கேட்டுக்கொள்ளுங்கள். விதவைக்குப் பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்கள் விசாரிக்க வேண்டும், அந்தப் பாரத்தைச் சபை மேல் வைக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது.

இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் பாக்கி இருக்கிறதா? கடிதத்தில் இல்லை, உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். தேதி சொன்னால் அதற்கு முந்தின நாள் டிக்கெட் போடுங்கள்.