உதறுவது எது? பழைய ஜீப்புகளைப் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் உதறல் பற்றியவற்றை மட்டும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். எல்லாமே பழைய வண்டிகள். எல்லாவற்றிலும் யாராவது எப்போதாவது கை வைத்திருக்கிறார்கள்: உயரம் தூக்கியிருக்கிறார்கள், டயரைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், என்ஜினையே மாற்றியிருக்கிறார்கள். நிறைய பேர் முதலில் எழுதுவது, இதுவரை என்னென்ன வாங்கி மாட்டினோம் என்ற பட்டியல். உதறல் எந்த வேகத்தில் வருகிறது, எந்த கியரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா என்பதைக் கடைசி வரியில்தான் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி.

கேள்வி: என்னுடையது மஹிந்திராவின் எம்எம்540 ஜீப். 55 கிலோமீட்டர் வேகத்தில் உதறத் தொடங்கி 65 வரை இருக்கிறது, அப்புறம் குறைகிறது. நான்கு சக்கரமும் பேலன்ஸ் செய்தாயிற்று. ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டிலும் இருக்கும் சிலுவைத் துண்டு, அதாவது ஜாயின்ட் கிராஸ், இரண்டும் புதிது. இனி எதை மாற்றுவது? (போடியிலிருந்து)

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். முதலில் எண்ணுங்கள்.

வண்டியில் சுழலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. 28 அங்குல விட்டமுள்ள டயர், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழெட்டு முறை சுற்றும். கிரவுன்-பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடி) விகிதம் 5 என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (என்ஜினின் இழுப்பை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) 37 முறை சுற்றும். ஜாயின்ட் கோணத்தால் வரும் உதறல், ஷாஃப்ட் ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு முறை அடிக்கும். ஆக நொடிக்கு 75. இந்த மூன்றையும் கருவி இல்லாமலே உடம்பு பிரித்துச் சொல்லிவிடும். டயர் என்றால் சீட் குலுங்கும், தொடையில் தாளம் போடலாம் போலிருக்கும். ஷாஃப்ட் எடை சமமில்லை என்றால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரியும். கோணம் தப்பு என்றால் தரைத்தகட்டில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வரும், உள்ளங்கால் கூசும்.

சரி, அடுத்தது. ஆளில்லாத சமமான சாலையில் 60ஐப் பிடித்து டாப் கியரில் ஓட்டுங்கள். அதே 60இல் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். என்ஜின் வேகம் கூடியும் உதறல் மாறவில்லை என்றால் என்ஜினையும் கிளட்ச் பிளேட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். கிளட்சை மிதித்துவிட்டு வண்டியைத் தானாக ஓட விடுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டயர், ரிம், ஷாஃப்ட்டின் எடை ஆகியவற்றில் ஒன்று. மிதிக்கும்போது மட்டும் வந்தால் கோணம், ஜாயின்ட். காலை எடுத்தவுடன் மட்டும் வந்தால் பினியன் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பேலன்ஸ் செய்த பிறகு ஏலத் தோட்டத்துக்குள் வண்டி போனதா? ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். செம்மண் சேறு ஒரு பக்கமாகப் பிடித்துக் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். பேலன்சிங் கடையில் வைப்பது கிராம் கணக்கில் எடை. அந்தச் சேறு அதைப்போலப் பல மடங்கு கனக்கும். ஷாஃப்ட் குழாயிலும் அதே சேறு ஒட்டும். ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு இதை முடித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: சிஜே-3பி ஜீப் வைத்திருக்கிறேன். பின்பக்கம் நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) போட்டு 2 அங்குலம் உயர்த்தினோம். அன்றிலிருந்து 40ஐத் தாண்டினால் தரை ரீங்கரிக்கிறது. கிராஸ் ஐந்து மாதத்தில் போய்விடுகிறது. உயரத்தை மட்டும் விட மனமில்லை. (ஏற்காட்டிலிருந்து)

பதில்: உங்கள் கேள்விக்குத்தான் இந்த முறை அதிக இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் இது அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு ஜாயின்ட் கோணத்தில் சுழலும்போது உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். கோணம் 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரி என்றால் 6 சதவீதம். கோணம் இரட்டிப்பானால் தொல்லை நான்கு மடங்கு. மேல் ஜாயின்ட் செய்யும் இந்தக் கோளாறைக் கீழ் ஜாயின்ட் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அதற்கு இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (கியர்பாக்ஸின் இழுப்பை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வெளியே வரும் தண்டும் பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் பினியனும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும்.

சிஜே-3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம்தான். பின் ஷாஃப்ட் மிகக் குட்டை. அரை மீட்டர் நீளம் என்று கொண்டால், 2 அங்குலம் தூக்கியவுடன் ஷாஃப்ட்டின் சாய்வு ஏறக்குறைய 6 டிகிரி கூடிவிடும். இதே உயரத்தை ஒரு மீட்டர் ஷாஃப்ட் உள்ள வண்டியில் தூக்கியிருந்தால் 3 டிகிரிதான். சரி, இது பாதிக் கதை. பின் ஷாக்கிளை நீளமாக்கும்போது ஸ்பிரிங்கின் பின்முனை மட்டும் சேஸிஸிலிருந்து இறங்குகிறது, முன்முனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் ஆக்ஸிலே திரும்பிப் பினியனின் மூக்கு மேலே பார்க்கும். விளைவு: மேல் ஜாயின்ட்டின் கோணம் கூடுகிறது, கீழ் ஜாயின்ட்டின் கோணம் கூடவே இல்லை. ஒன்று செய்யும் கோளாறை இன்னொன்றால் சரிசெய்ய முடியவில்லை. உங்கள் கிராஸ் கெடுவதற்குக் காரணம் கிராஸின் தரம் அல்ல.

அளப்பது எளிது. வண்டியைச் சமதரையில் சக்கரங்கள் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியில் தொங்கவிட்டு அளந்தால் எல்லாக் கணக்கும் பொய். ஃபோனில் இருக்கும் ரசமட்டம் போதும். டிரான்ஸ்ஃபர் கேஸ் யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை), ஷாஃப்ட் குழாய், பினியன் யோக் என மூன்று இடத்தில் வைத்து டிகிரியை எழுதிக்கொள்ளுங்கள். மேல் ஜாயின்ட் கோணமும் கீழ் ஜாயின்ட் கோணமும் 1 டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும்.

ஒத்துவராவிட்டால் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்பு ஆப்புத் தகடு வைத்துப் பினியனை இறக்க வேண்டும். அலுமினியத்தில் வேண்டாம், நசுங்கும், விரியும், யூ-போல்ட் தளரும். தடித்த முனை முன்பக்கமா பின்பக்கமா என்பது ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். அதனால் இறுக்குவதற்கு முன் மறுபடி மட்டம் வையுங்கள். இதற்கு நீளமான சென்டர் போல்ட்டும் தேவைப்படும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கோணங்களைச் சமமாக்கினாலும் அவை பெரிதாகவே இருக்கும், கிராஸின் ஆயுள் குறையத்தான் செய்யும். 2 அங்குலத்தை 1 அங்குலமாக்கிக்கொள்ள மனம் வந்தால் வண்டிக்கு நல்லது. மனம் வராவிட்டால் மேல்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட் செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் விதி தலைகீழ்: பினியன் ஷாஃப்ட்டை நேராகப் பார்க்க வேண்டும், ஓட்டத்தில் மூக்கு சற்று ஏறும் என்பதற்காக ஓரிரு டிகிரி தாழ்த்தி வைப்பார்கள்.

கேள்வி: கிராஸ் மாற்றிய பிறகுதான் உதறலே வந்தது. அதற்கு முன் 'டக் டக்' சத்தம் மட்டும்தான். (வால்பாறையிலிருந்து)

பதில்: ஷாஃப்ட்டைக் கழற்றியபோது ஸ்ப்லைன் பகுதியை (ஒன்றுக்குள் ஒன்று நகரும், பல் வெட்டிய பகுதி) உருவிப் பிரித்திருப்பார்கள். மறுபடி கோக்கும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் இரண்டு முனை யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. துணியில் டீசல் நனைத்து ஸ்ப்லைன் பக்கத்தைத் துடையுங்கள். கிரீஸும் அழுக்கும் போனதும் பல வண்டிகளில் இரண்டு பாதியிலும் ஒரு அம்புக்குறி தெரியும். இரண்டும் எதிரெதிரே நிற்க வேண்டும். குறி இல்லையென்றால் ஷாஃப்ட்டைத் தரையில் கிடத்தி ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்து மறு முனையைப் பாருங்கள், இரண்டு யோக்கும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தெரிய வேண்டும்.

நானும் இதில் ஒரு நாள் முழுக்க இழந்திருக்கிறேன். அதிலிருந்து எந்த ஷாஃப்ட்டைத் தொட்டாலும் முதலில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுவேன்.

கோடு சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் கிராஸின் முனையை மூடும் கப்புக்குள் ஓர் ஊசி ரோலர் சரிந்து அடியில் படுத்திருப்பது. கையில் வைத்து நான்கு பக்கமும் மடக்கிப் பாருங்கள். ஒரே மாதிரி இறுக்கமாக, தடையில்லாமல் வர வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் பிரித்தே ஆக வேண்டும்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையை உதறித் தள்ளுகிறது. வண்டியை நிறுத்தினால்தான் நிற்கிறது. ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: செய்யாதீர்கள், அது ஷாஃப்ட்டின் வேலை அல்ல. முன் ஆக்ஸிலில் கிங்பின் பேரிங், டை ராட் எண்ட், ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறது, அல்லது முன்பக்கம் உயர்த்தியதில் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கெட்டிருக்கிறது. ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது ஆட்ட, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு முன் சக்கர இழுப்பில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (கோத்தகிரியிலிருந்து)

பதில்: நல்ல சோதனை. ஃபோர் வீல் போட்டு மெதுவாக அந்த வேகத்துக்கு வாருங்கள். உதறல் போய்விட்டால் குற்றவாளி நீங்கள் கழற்றி வைத்த துண்டு, அல்லது அது சொருகியிருந்த இரண்டு முனைகள்.

ஆனால் கோத்தகிரியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம், சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கிறது. ஷாஃப்ட்டை எடுத்தவுடன் அந்த பிரேக்குக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும். டூ வீலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். முதல் போல்ட்டைத் தொடுவதற்கு முன் சமதரை, நான்கு சக்கரத்துக்கும் கட்டை. இதில் சோம்பல் கூடவே கூடாது.

கீழே படுத்திருக்கும்போதே அந்த டிரம்மையும் சுழற்றிப் பாருங்கள். அதுவும் ஷாஃப்ட்டின் வேகத்தில்தான் சுற்றுகிறது. சூடேறிக் கோணிய டிரம்முக்காகப் புதிய ஷாஃப்ட் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: வேறு என்ஜினும் கியர்பாக்ஸும் ஏற்றியபோது ஷாஃப்ட்டை லேத் பட்டறையில் நீளமாக்கினோம். 70க்கு மேல் வண்டி முழுக்க அதிர்கிறது. (பொள்ளாச்சியிலிருந்து)

பதில்: குழாயை வெட்டி ஒட்டும்போது வெல்டிங் சூடு ஒரு பக்கமாக இழுத்துவிடும். லேத்தில் இரு முனையையும் பிடித்து டயல் கேஜ் வைத்துச் சுழற்றச் சொல்லுங்கள். நடுக்குழாயில் கோணல் அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நேராக இருந்தும் உதறினால் குழாயின் ஒரு முனைக்குப் பக்கத்தில் இரண்டு ஹோஸ் கிளிப் மாட்டி, திருகுகளின் தலையை எதிரெதிராக வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றையொன்று நெருங்க வைத்து ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். உதறல் குறைகிற இடம் தெரிந்தால் எடைதான் குறை என்று உறுதியாகிவிடும். அப்புறம் முறையான பேலன்சிங் இயந்திரத்துக்கு அனுப்பலாம். கிளிப்பையே நிரந்தரமாக விட்டுவிட வேண்டாம்.

இன்னொன்று, ஷாஃப்ட் நீளமாக நீளமாக அது வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும் வேகம் இறங்கிக்கொண்டே வரும். நீளம் இரட்டித்தால் அந்த வேகம் நான்கில் ஒன்று. நீளத்தைக் கூட்டியவர் குழாயின் விட்டத்தையும் கூட்டினாரா என்று கேளுங்கள். என்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.

கேள்வி: சுமையோடு மேட்டில் முதல் கியரில் கிளம்பும்போது மட்டும் 'கட கட' என்று உதறுகிறது. ஓட ஆரம்பித்தால் ஒன்றுமில்லை.

பதில்: சுமை ஏறியதும் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியன் மேலே தூக்குகிறது, பிறகு விடுகிறது, மறுபடி தூக்குகிறது. முதலில் யூ-போல்ட் நட்டுகளுக்கு ஸ்பானர் போடுங்கள். பட்டைகளை மாற்றியவர்கள், ஆப்பு வைத்தவர்கள் ஓட்டிய சில நாளில் மறுபடி இறுக்குவதை மறந்துவிடுகிறார்கள். அவை இறுக்கமாக இருந்தால் கியர்பாக்ஸின் ரப்பர் மவுண்ட்டைப் பாருங்கள். கடப்பாரையால் லேசாக நெம்பினால் கிழிந்த ரப்பர் வாயைத் திறந்து காட்டும். கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலும் இதே உதறல் வரும், ஆனால் அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஆகவே அது கடைசி.