பேண்ட் வராத ப்ளாட்டை எங்கே ஒளிப்பது?

கேள்வி: உயிர்வேதியியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். உயிர்மருத்துவ அறிவியலில் பிஎச்.டி. செய்ய அமெரிக்கா, ஐரோப்பா இரண்டுக்கும் விண்ணப்பிக்க ஆசை. ஆனால் எட்டு மாத ப்ராஜெக்டில் வெஸ்டர்ன் ப்ளாட் (சாம்பிளில் ஒரு புரதம் இருந்தால் அதை பேண்ட் எனும் கோடாகக் காட்டும் சோதனை) பெரும்பாலும் சொதப்பல்தான். பேப்பர் ஒன்றுகூட இல்லை. விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் இதை எப்படிச் சமாளிப்பது? பரிந்துரைக் கடிதம் துறைத் தலைவரிடம் வாங்கினால் மதிப்பு கூடுமா?

பதில்: ஒளிக்கவே வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் நல்ல சரக்கே அந்தச் சொதப்பல்தான்.

விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர்களும் ப்ளாட் வராமல் வாரக்கணக்கில் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள்தான். "வெஸ்டர்ன் ப்ளாட், பிசிஆர், செல் கல்ச்சர் ஆகியவற்றில் பயிற்சி பெற்றேன்" என்ற வரியை அவர்கள் கண் தாண்டிப் போய்விடும். அதற்குப் பதிலாக இப்படி ஒன்று இருந்தால்?

"நான் தேடிய புரதத்தின் பேண்ட் வரவில்லை. எல்லாச் செல்லிலும் இருக்கும் ஆக்டின் புரதத்தின் பேண்ட் தெளிவாக இருந்ததால் சாம்பிள் ஏற்றியதில் கோளாறில்லை. புரதத்தைப் பிடித்துக் காட்டும் ஆன்ட்டிபாடியைச் சந்தேகித்து, அந்தப் புரதம் ஏராளமாக உள்ள வேறொரு செல் வகையையும் ஓட்டினேன். அதிலும் ப்ளாட்டின் உச்சியில், சாம்பிள் ஊற்றும் குழியை ஒட்டி, ஒரு கறை மட்டுமே. சவ்வைப் பலமுறை ஊடுருவி நிற்கும் புரதங்கள் 95 டிகிரியில் சூடாக்கினால் திரண்டுபோய் ஜெல்லுக்குள் இறங்காமல் நின்றுவிடும் என்று படித்தேன். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஓட்டினேன். பேண்ட் தெரிந்தது."

உங்கள் கதை வேறாக இருக்கும். கடைசிவரை பேண்ட் வராமலே போயிருக்கலாம், பரவாயில்லை. எதைச் சந்தேகப்பட்டீர்கள், எந்தக் கண்ட்ரோலை (ஒப்பீட்டுச் சோதனையை) வைத்து அதைத் தள்ளினீர்கள், இன்னும் மூன்று மாதம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதை எழுதுங்கள். நேர்காணலிலும் இதைத்தான் தோண்டுவார்கள். அடுத்தவர் செய்த வேலையைத் தன்னுடையதாக எழுதியவர் "ஏன் அந்தக் கண்ட்ரோல்?" என்ற இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். சிறுவயதில் மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்த கதையோடு தொடங்காதீர்கள்; அந்த முதல் பத்தியை நான் படித்துப் படித்துச் சலித்துவிட்டேன்.

இந்த அறிக்கையை எல்லா இடத்துக்கும் அப்படியே அனுப்ப முடியாது. அமெரிக்காவில் பல உயிர்மருத்துவத் திட்டங்கள் உங்களைப் பொதுவாகச் சேர்த்துக்கொண்டு, முதல் ஆண்டில் இரண்டு மூன்று லேப்களில் ரொட்டேஷன் அனுப்பி, பிறகே கைடைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அங்கே ஒரே பேராசிரியரை நம்பி எழுதாமல் மூன்று நான்கு பேரைக் காரணத்தோடு குறிப்பிடுங்கள். அவர்களிடம் ஆராய்ச்சிப் பணம் இருக்கிறதா என்று அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சின் ரிப்போர்ட்டர் தளத்தில் பெயரைத் தட்டினால் தெரியும். மானியம் முடியும் தேதிகூட இருக்கும். ஐரோப்பாவில் பல இடங்களில் இது வேலைக்கு மனுப்போடுவதைப் போல. குறிப்பிட்ட லேபின் குறிப்பிட்ட ப்ராஜெக்டுக்குத்தான் ஆள் எடுப்பார்கள், கடிதமும் அந்த ப்ராஜெக்டைப் பற்றியே பேச வேண்டும்.

துறைத் தலைவர் விஷயம். உங்கள் லேப் நோட்புக்கைப் பார்க்காதவர் "ஒழுக்கமான மாணவர்" என்பதைத் தாண்டி என்ன எழுதிவிட முடியும்? பதவியைப் பார்க்காதீர்கள். ப்ளாட் வராத நாளில் பக்கத்தில் நின்றவர் யாரோ, அவர் எழுதட்டும். அவர் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்துவிட்டு லேபில் ஆராய்ச்சி செய்பவர்) என்றால், அவரும் கைடும் சேர்ந்து கையெழுத்திடும் கடிதமாகக் கேளுங்கள். அமெரிக்கத் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்கும். ஒரு மாதம் முன்பே சொல்லி, உங்கள் அறிக்கையின் வரைவையும் கொடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் பல திட்டங்களுக்குக் கடைசித் தேதி டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும். நேர்காணல் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். நிதியுதவியோடு இடம் கிடைத்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம்; அந்தத் தேதிக்கு முன்பே பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் நெருக்கினால் பதறவேண்டாம். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பதைப் பல உயிர்மருத்துவத் திட்டங்கள் விட்டுவிட்டன. ஆனாலும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் பார்த்துவிடுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைச் சில இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள், கட்டிய பிறகு கேட்டால் பெரும்பாலும் திரும்பி வராது.