அழித்து எழுதும் வட்டு: எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?

இரவுத் தொடரைப் பதிந்து பார்த்துவிட்டு அழிக்க வேண்டும், சில வட்டுகள் அம்மா வீட்டுப் பழைய டிவிடி பிளேயரிலும் ஓட வேண்டும் என்கிறீர்கள். இந்த இரண்டாவது தேவைதான் சிக்கல்.

அழித்தெழுத டிவிடி ராம் (DVD-RAM) என்ற வட்டு வகை போல வராது. சுமார் 1,00,000 முறை தாங்கும். அழித்தெழுதும் மற்ற இரு வகைகளான மைனஸ் ஆர்டபிள்யூ (DVD-RW), பிளஸ் ஆர்டபிள்யூ (DVD+RW) வட்டுகளுக்கு 1,000 முறை என்பார்கள். ராமில் பதிவு ஓடும்போதே தொடக்கத்திலிருந்து பார்க்கவும் முடியும். பானசோனிக் ரெக்கார்டர்கள் ராம் பக்கம் நின்றவை. ஆனால் பெரும்பாலான சாதாரண பிளேயர்கள் ராம் வட்டைப் படிக்காது.

மைனஸ் ஆர்டபிள்யூவை வீடியோ முறையில் (கடையில் வாங்கும் டிவிடி படங்களின் வடிவம்) பதிந்து, ஃபைனலைஸ் செய்தால்தான் (மற்ற பிளேயர்களும் படிக்கும்படி பதிவை முடித்து மூடினால்தான்) பழைய பிளேயரில் ஓடும். விஆர் முறையில் (ரெக்கார்டர்களுக்கென்றே உள்ள, திருத்த வசதியான வடிவம்) பதிந்தால் வெட்டி ஒட்டலாம், ஆனால் அம்மா வீட்டில் பெரும்பாலும் ஓடாது. பிளஸ் ஆர்டபிள்யூவுக்கு ஃபைனலைஸ் தொல்லை பொதுவாக இல்லை, அதனால் என் ஓட்டு அதற்கே.

அப்புறம் ஒன்று. ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியைக் குறைவாகவே திருப்பும். சில பழைய பிளேயர்கள் அதை, அதேபோல ஒளியைக் குறைவாகத் திருப்பும் இரட்டை அடுக்கு வட்டு என்று நினைத்துத் திணறும். தெரிந்தவர் யாரிடமாவது கணினியில் ஒரு பிளஸ் ஆர்டபிள்யூ வீடியோ வட்டு எழுதி வாங்கி, அங்கே போட்டுப் பாருங்கள். ஓடவில்லையா? சரி, ராமும், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய மைனஸ் ஆரும் (DVD-R) எழுதும் கருவியாக வாங்குங்கள். உங்களுக்கு ராம், அம்மாவுக்கு ஃபைனலைஸ் செய்த மைனஸ் ஆர்.