எள்ளுக்கு என்ன உரம்? மாசிப்பட்டக் கேள்விகளும் பதில்களும்

சம்பா அறுத்த வயலில் மாசிப்பட்டத்து எள் விதைக்கப் போகிறவர்கள் உரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் மன்னார்குடிப் பக்கத்து விவசாயி. கணக்கெல்லாம் ஏக்கருக்கு, மாக் கணக்குப் பார்ப்பவர்கள் (மூன்று மா ஓர் ஏக்கர்) மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, எங்கள் ஊரில் எள்ளுக்கு யாருமே உரம் போடுவதில்லை. சம்பாவுக்குப் போட்டதே மண்ணில் கிடக்கும் என்கிறார்கள். சரியா? (நீடாமங்கலம்)

பாதி சரி தம்பி. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அவ்வளவாக நகராது, கொஞ்சம் தங்கியிருக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அப்படித் தங்காது. தண்ணீர் கட்டிய வயலில் பெரும்பகுதி போய்விடும்.

உண்மையான காரணம் வேறு. நம் ஆட்களுக்கு எள் என்றால் 'வந்தால் வரட்டும்' வெள்ளாமை. நெல்லுக்கு நகையை வைத்து உரம் வாங்குகிறவர், எள்ளுக்கு விதையோடு நிறுத்திக்கொள்வார். இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். சித்திரையில் ஒரு கோடைமழை கொட்டி, நம் களிமண்ணில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் எள் அழுகிப்போகும். அதைக் கண்ணால் பார்த்தவர் காசைக் கொட்டத் தயங்கத்தான் செய்வார். அதனால் முதல் செலவு வடிகாலுக்கு. வாய்க்கால் வெட்டாத வயலில் உரம் போடுவதைவிட, போடாமல் இருப்பதே லாபம்.

அளவு சொல்லுங்கள் சார். (வலங்கைமான்)

இறவை எள்ளுக்கு, அதாவது தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் எள்ளுக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) 35:23:23 கிலோ தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்) சத்து. ஏக்கருக்குப் பார்த்தால் யூரியா 30 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 58 கிலோ, பொட்டாஷ் 15 கிலோ. எல்லாமே அடியுரம், விதைக்கும் முன்பே மண்ணில் இடுவது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லம் போட்டால் யூரியா 18 கிலோ போதும். ஆனால் அதை ரசாயன உரத்தோடு கலந்துவிடாதீர்கள், தொழுவுரத்தோடு தனியாகத் தூவுங்கள். அப்புறம் மாங்கனீசு சல்பேட் 2 கிலோவை மணலில் கலந்து, விதைத்த பிறகு மேலாகத் தூவிவிடுங்கள். உழுது மூடக்கூடாது.

கடையில் டிஏபிதான் நல்லது என்கிறார்களே? சூப்பர் கேட்டால் 'அது பழைய உரம்' என்று சிரிக்கிறார்கள். (திருத்துறைப்பூண்டி)

என்னைப் பார்த்தும் சிரித்திருக்கிறார்கள். தழையும் மணியும் சேர்ந்த டிஏபி மூட்டையில் சத்து அதிகம், தூக்கவும் தூவவும் சுலபம். நெல்லில் பழகிய கை அதைத்தான் தேடும். ஆனால் எள் எண்ணெய்ப் பயிர். விதையில் பாதிக்குப் பாதி எண்ணெய். அதற்குக் கந்தகம் வேண்டும். டிஏபியில் கந்தகம் கிடையாது. சூப்பரில் 16 சதவீதம் மணிச்சத்தோடு 11 சதவீதம் கந்தகமும் இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து வேறு. 58 கிலோ சூப்பர் போட்டால் ஆறு கிலோவுக்கு மேல் கந்தகம் தனிச் செலவில்லாமல் மண்ணில் சேரும். ஒரு மூட்டை டிஏபி போட்டாலோ 23 கிலோ மணிச்சத்து போகிறது, ஏக்கருக்குத் தேவை ஒன்பதுதான். மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். சூப்பர் கிடைக்கவே இல்லையென்றால் 20:20:0:13 என்ற கலப்பு உரம் வாங்குங்கள். கடைசியில் வரும் அந்த 13தான் கந்தகம்.

பூக்கும்போது ஒரு கை யூரியா விடலாமா? (பாபநாசம்)

நான் விட்டேன், முதல் வருடம். செடி இடுப்புக்கு மேல் கருகருவென்று நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அறுத்துக் காயவைத்து, எள்ளுக் கட்டுகளைக் கவிழ்த்துத் தட்டியபோதுதான் தெரிந்தது: காய்க்கும் காய்க்கும் நடுவே நாலு விரல் தண்டு. படுதாவில் விழுந்ததை என் மனைவி ஒரே முறத்தில் அள்ளிவிட்டாள்! வேண்டாம் தம்பி. அந்தக் கூலியை விதைத்த 15ஆம் நாளும் 30ஆம் நாளும் பயிர் கலைக்க, அதாவது நெருக்கமான செடிகளைப் பிடுங்கக் கொடுங்கள். செடிக்குச் செடி ஓரடி இருக்கட்டும். நெருக்கமாக நிற்கிற எள்ளுக்கு எந்த உரமும் உதவாது. பிடுங்கி எறிய மனசு வராது, அதுதான் சிக்கல்.

இலை மஞ்சளாகிறது. எந்தச் சத்துக் குறைவு? (ஒரத்தநாடு)

எந்த இலை என்று பாருங்கள். அடியிலை வெளுத்தால் தழைச்சத்து. நுனிக் குருத்து முழுசாக வெளுத்தால் கந்தகம். குருத்திலையில் நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் வெளுத்தால் மாங்கனீசாகவோ இரும்பாகவோ இருக்கலாம். செடி மொத்தமும் வாடி மஞ்சளானால் முதலில் வேரைப் பிடுங்கிப் பாருங்கள், தண்ணீர் நின்றிருக்கும். சந்தேகமென்றால் தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு செடியோடு போய்க் கேளுங்கள்.

ஐயா, மரச்செக்குக்காரர் ரசாயனம் போடாத எள் கேட்கிறார். எங்களுடையது குத்தகை நிலம். முடியுமா? (திருவையாறு, பெண் விவசாயி)

முடியும் அம்மா, ஆனால் முதலில் அவர் விலையைச் சொல்லட்டும். தொழுவுரத்தின் பலன் அடுத்தடுத்த வருடமும் தெரியும். ஒரு வருடக் குத்தகைக்காரர் போட்டால் பலன் நிலத்துக்காரருக்கு. அதனால்தான் குத்தகை வயலில் எருவண்டி நிற்பதில்லை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்து ஆட்டிடையர்களான கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள். இரண்டு ராத்திரி வயலில் ஆட்டுக்கிடை போடுங்கள், புழுக்கையே எரு, கைக்கடக்கமான செலவு. கந்தகத்துக்கு ஜிப்சம் போடலாம், ஆனால் இயற்கை விவசாய முத்திரை வாங்குகிறவர்கள் சான்றளிப்பவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பூவெல்லாம் இலையாக மாறுகிறது. என்ன உரம்? (நன்னிலம்)

உரமில்லை. அது தத்துப்பூச்சி பரப்பும் பூவிலை நோய். அந்தச் செடிகளை இன்றைக்கே பிடுங்கி எரியுங்கள், அப்புறம் பூச்சியைப் பாருங்கள்.